வாவியிலும் கடலிலும் லோங் எக்ஸ்போஷர்: 6 ஸ்டொப்பா, 10 ஸ்டொப்பா?

முகத்துவாரம்_விடியல்

ஷட்டரக் கனநேரம் திறந்து வெச்சு எடுக்க (லோங் எக்ஸ்போஷர்) என்டி பில்டர், அதான் வெளிச்சத்தக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, ஒண்டு வாங்கப் போறன். கமரா ஏபிஎஸ்-சி. கிட் லென்ஸ் 18–55, அதுக்கு முன்வளையம் 58 மி.மீ. வைட் லென்ஸ் 10–18, அது 67 மி.மீ. எடுக்க நினைக்கிறது மூண்டு இடம்: மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில விடியல், பின்னேரம் வாவிப் பக்கத்தால பழைய கல்லடிப் பாலம், மறுகா ஒலுவில் துறைமுகத்து அலைதடுப்புக் கல்லுகள். காசு ஒரு பில்டருக்குத்தான் கிடக்கு. கேட்ட ஆக்கள் எல்லாரும் என்டி1000 எண்டுதான் சொல்றாங்க. அதையே எடுக்கவா? இல்லாட்டி, சுத்தினா இருட்டுக் கூடிக் குறையிற வேரியபிள் வகைய எடுத்தா ஒண்டிலயே எல்லாம் முடியாதா?

வாவிக்காற்று

தம்பி, ஒன்றுதான் என்றால் 6 ஸ்டொப் எடுங்கள். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் ஒரு தடவை பாதியாவது. பெட்டியில் அது என்டி64 என்றும் இருக்கும், 1.8 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே சாமான். ஒரு ஸ்டொப்புக்கு 0.3 என்பது கணக்கு. என்டி8 என்றால் 0.9, மூன்று ஸ்டொப். என்டி1000 என்றால் 3.0, பத்து ஸ்டொப். துல்லியமாகப் பார்த்தால் 1024இல் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும்.

ஏன் 6 என்று சொல்கிறேன் என்றால், கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. நல்ல படம் கிடைக்கிற நேரம் வெளிச்சம் குறைந்த நேரம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது) வைத்துக் கிழக்கு வானத்தை அளந்தால் ஏறத்தாழ இப்படி வரும். சூரியன் எழ 20 நிமிடம் இருக்கையில் பில்டர் இல்லாமலே 4 செக்கன். சூரியன் விளிம்பு தெரியும்போது 1/30. அரை மணித்தியாலம் கழித்து 1/125. முகில் மூட்டம் என்றால் இன்னும் ஒன்று, இரண்டு ஸ்டொப் கூட வேண்டும்.

இதில் என்டி1000 போட்டுப் பாருங்கள். முதல் நிலையில் 4 செக்கன் 68 நிமிடமாகும், ஆகவே பயனில்லை. சூரியன் தெரியும்போது 34 செக்கன். அரை மணித்தியாலம் கழித்து 8 செக்கன். என்டி64 போட்டால் அதே மூன்று நிலைக்கும் 4 நிமிடம் 16 செக்கன், 2 செக்கன், அரைச் செக்கன்.

கல்லடியில் அலை உடைந்து மணலில் ஏறித் திரும்ப வழியும்போது வருகிற நுரைக் கோடுகள்தான் படத்துக்கு உயிர். அது அரைச் செக்கனுக்கும் 2 செக்கனுக்கும் இடையில்தான் நிற்கும். அலை மேலே ஏறும்போது அல்ல, திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஷட்டரைத் திறக்க வேண்டும். 30 செக்கனுக்குப் போனால் நாலைந்து அலை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கோடெல்லாம் அழிந்து வெறும் வெண்புகை மிஞ்சும். கல்லைச் சுற்றி அது அழகு. வெறும் மணற்கரையில் படம் தட்டையாகிவிடும்.

வேரியபிள் வேண்டாம். அது இரண்டு போலரைசர் கண்ணாடி முகத்துக்கு முகம் வைத்த சாமான். கடைசி இருட்டுக்குக் கிட்டப் போனதும் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் கறுப்பு விழும். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் விழும், 10 மி.மீ.க்கு ஆகவே ஆகாது. வீடியோவுக்கு அது நல்ல சாமான்.

67 மி.மீ. அளவிலேயே வாங்குங்கள். கிட் லென்ஸுக்கு 58–67 ஸ்டெப் அப் வளையம் ஒன்று போதும். விளிம்பு மெல்லிய ‘ஸ்லிம்’ வகையா என்று பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் 10 மி.மீ.யில் நாலு மூலையும் கறுக்கும். லென்ஸில் யூவி பில்டர் கிடந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் என்டி போட வேண்டும்.

கச்சான்

கடலுக்கு மேலே சொன்னது அத்தனையும் சரி. வாவிக்கு நான் உடன்பட மாட்டேன்.

வைகாசி தொடங்கிக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் பின்னேரம் வாவி முழுக்கச் சிற்றலைதான். நாலரை மணிக்கு எஃப் 11இல் 1/125 வருகிறது என்று வையுங்கள். என்டி64 போட்டால் அரைச் செக்கன். சிற்றலை அந்த அரைச் செக்கனில் அழியவும் அழியாது, தெளிவாகவும் இராது. போகஸ் தவறிய தண்ணீர் மாதிரித் தெரியும். என்டி1000 என்றால் 8 செக்கன், தண்ணீர் பட்டுப்போல் படிந்துவிடும். முகில் ஓட்டம் வானத்தில் கோடாக விழ வேண்டுமென்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். பகலில் 6 ஸ்டொப்பால் அதை எட்ட முடியாது. துளையை எஃப் 22க்கு மூடிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏபிஎஸ்-சி சென்சரில் எஃப் 11 தாண்டியதும் டிஃப்ராக்‌ஷன் (சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவது) தொடங்கிப் படம் மழுங்கும்.

காற்று எழும்ப முன், காலையில் வாவி அசையாமல் கிடக்கும்போது பில்டரைப் பையிலேயே விடுங்கள். அசையாத தண்ணீர் 1/60இலும் ஒன்றுதான், ஒரு நிமிடத்திலும் ஒன்றுதான். சிற்றலையில் லோங் எக்ஸ்போஷர் எடுத்தால் பாலத்தின் பிம்பம் தண்ணீரில் தெளிவாக வரும் என்று எதிர்பார்க்கிறவர்களும் உண்டு. வராது. பிம்பம் மேல்கீழாக இழுபட்டு நிறமாகத்தான் நிற்கும். அதுவும் நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் வேறு படம்.

இன்னொன்று. நங்கூரமிட்ட தோணி அசையாதது போலத் தெரிந்தாலும் 8 செக்கனில் முன்பின் ஆடித் தெளிவு போய்விடும். வாவியில் முன்னணிக்கு வலை கட்டுகிற கம்புகளைப் பிடியுங்கள். அடியில் ஊன்றிய கம்பு ஆடாது. தோணிதான் வேண்டும் என்றால் அதே சட்டகத்தில் பில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து வைத்து, தோணியை மட்டும் அதிலிருந்து கணினியில் மறைப்படுக்கு (லேயர் மாஸ்க்) போட்டுச் சேர்க்க வேண்டும். பாலத்தைக் கரையிலிருந்து எடுங்கள். பாலத்தின் மேல் ட்ரைபொட் வைத்தால் வாகனம் போகப் போகத் தட்டு அதிர்ந்து விளக்குகள் எல்லாம் இரட்டை இரட்டையாக விழும்.

வாவிக்காற்று

பகல் வாவிக்கு 10 என்பதை ஏற்கிறேன். ஆனால் தம்பி கேட்டது பின்னேரம் பழைய பாலம். மேற்கு வானம் சிவக்கிற நேரத்துக்குத்தான் அதை எடுப்பார்கள், அந்த நேரத்தில் 10 ஸ்டொப் ஆளை ஏமாற்றிவிடும்.

மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் உள்ளே இருக்கிறது. சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து 21, 22 நிமிடத்தில் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போய்விடும். அதற்குள் வெளிச்சம் ஆறு ஸ்டொப்புக்கும் மேலே விழுகிறது, அதாவது மூன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப் வீதம். ஐரோப்பிய வழிகாட்டிகளில் இந்த வேகம் இராது. அங்கே சூரியன் சாய்வாக இறங்கும், அந்திப் பொழுது நீண்டு கிடக்கும்.

இதை எக்ஸ்போஷருக்குப் பொருத்திப் பாருங்கள். சூரியன் மறைந்த பிறகு கமராவின் ஒளி மீட்டர் கணக்கு 4 நிமிடம் என்று சொல்கிறது. திறந்து வைத்திருக்கும்போதே வெளிச்சம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டு போகும். அதே அளவு வெளிச்சம் சேர உண்மையில் 8 நிமிடம் வேண்டும். மீட்டர் 5 நிமிடம் என்று சொன்னால் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அந்த அளவு சேரவே சேராது. வருகிற வெளிச்சம் அதற்குள் தீர்ந்துவிடும். கணக்குப் போட்டு, நேரம் பார்த்து, ஒரு பிழையும் விடாமல் எடுத்த படம் கரிக்கட்டையாக வருவதற்குக் காரணம் இதுதான்.

விடியலில் தலைகீழ். 4 நிமிடம் என்று வந்தால் 3 நிமிடத்தில் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிவானத்து மஞ்சள் வெந்து வெள்ளையாகிவிடும்.

ஆகவே அந்தியிலும் விடியலிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஒரு நிமிடத்துக்குள் வெளிச்ச மாற்றம் மூன்றில் ஒரு ஸ்டொப்புக்கும் குறைவு, ரோ பைலில் (கமரா சுருக்காமல் பதியும் மூலப் படம்) சரிக்கட்டிவிடலாம். அந்த நேரத்துக்கு என்டி64 தாராளம். சூரியன் மறைந்து பத்து நிமிடம் போனதும் அதையும் கழற்ற வேண்டி வரும்.

முகத்துவாரம்_விடியல்

அப்ப முதல்ல 6 எடுக்கன், 10 பிறகு பாப்பம். நண்பர் ஒராள்ர பில்டரப் போட்டுப் பாத்தா ஸ்கிரீன் முழுக்க இருட்டு, போகஸ் முன்னுக்குப் பின்னுக்கு ஓடிக்கொண்டே நிக்குது. என்ன ஒழுங்கில செய்யவேணும்?

அக்கரைக்_கண்ணாடி

ஒழுங்குதான் இதில் பாதி வேலை தம்பி. பில்டர் கடைசியாகத்தான் லென்ஸுக்குப் போக வேண்டும்.

ட்ரைபொட்டை ஊன்றி, பில்டர் இல்லாமல் சட்டகத்தை முடியுங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசரை நிறுத்துங்கள். ட்ரைபொட்டில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டம் உண்டாக்கும். போகஸை ஓட்டோவில் எடுத்து உடனே மெனுவலுக்குத் தட்டிவிடுங்கள். 10 மி.மீ., எஃப் 11இல் ஒரு மீட்டர் தூரத்தில் போகஸ் வைத்தாலே முன்னால் கிடக்கும் கல்லிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். எலக்ட்ரோனிக் போகஸ் உள்ள லென்ஸ் என்றால் கமரா உறங்கி எழும்பும்போது போகஸ் இடம் மாறலாம். ஓட்டோ பவர் ஓஃபை நீட்டி வையுங்கள்.

பிறகு துளை முன்னுரிமை மோடில் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது விளிம்பில் முட்டாமல் இருக்கிற ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 6 ஸ்டொப்புக்கு 64ஆல், 10 ஸ்டொப்புக்கு 1000ஆல் பெருக்குங்கள். 1/60 என்றால் முதலாவதுக்கு 1 செக்கன், இரண்டாவதுக்கு 17 செக்கன். மெனுவல் மோடுக்கு மாறி அந்த நேரத்தை வையுங்கள். 30 செக்கன் தாண்டினால் பல்ப் மோடும் (அமர்த்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) வயர் ரிமோட்டும் வேண்டும். விரலால் அமர்த்திப் பிடித்தால் ஆடும்.

இப்போதுதான் பில்டர். மரை பிடிக்கும் வரை லென்ஸை மற்றக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். முறுக்குகிற விசையில் ஸூம் வளையமோ போகஸ் வளையமோ நகர்ந்தால் முன்பு செய்தது எல்லாம் வீண். ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டிவிட்டால் கவலையில்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் பார்க்கிற கண்ணாடியை மூடுங்கள். பின்னால் சூரியன் இருக்கையில் அதற்குள்ளால் வெளிச்சம் கசிந்து படத்தில் மங்கல் கறை விழும். மிரர்லெஸ்ஸுக்கு அது தேவையில்லை.

கழுத்து வாரைக் கழற்றி வையுங்கள். ஒலுவில் அலைதடுப்பில் காற்றுக்கு அது கொடிபோல் அடித்தால் 8 செக்கன் படம் ஒன்றும் தேறாது.

எச்சரிக்கை ஒன்று. என்டி1000 போட்டிருக்கிறது என்று டிஎஸ்எல்ஆர் கண்ணாடிக்குள்ளால் எழும்பிய சூரியனைப் பார்க்கவே கூடாது. சூரியனுக்கென்று செய்த பில்டர் 5.0, அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் விடும். என்டி1000 அதைவிட நூறு மடங்கு விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரையும் தாராளமாக விடும். லைவ் வியூவில், அதாவது கமராவின் பின்திரையில் மட்டும் பாருங்கள்.

பொத்துவில்_கரை

அக்கரை காக்கா, ரெண்டு கேள்வி. வெல்டிங் கண்ணாடி ஹார்ட்வெயார் கடையில மலிவா கிடைக்குதே, அத லென்ஸுக்கு முன்னால கட்டி அறுகம்பேல எடுக்க ஏலாதா? மத்தது, போனுக்கு கிளிப் என்டி விக்கிறாங்க. அது வேல செய்யுமா?

அக்கரைக்_கண்ணாடி

வெல்டிங் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனால் பச்சையாக்கும். வைட் பேலன்ஸை எந்த எல்லைக்கு இழுத்தாலும் அந்தப் பச்சை முழுதாகப் போகாது. சிவப்பு, நீலச் செனல்களில் தகவலே குறைவாகத்தான் பதிந்திருக்கும், இழுக்க இழுக்க இரைச்சல்தான் கூடும். கண்ணாடியின் இரு முகமும் இணையாக இராததால் ஓரங்களும் மழுங்கும். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் என்றால் பழகிப் பார்க்க உதவும்.

போனில் சிக்கல் வேறு. போனின் துளை மாறாது, அநேகமாக எஃப் 1.8க்குக் கிட்ட இருக்கும். எஃப் 11க்கும் அதற்கும் ஐந்து ஸ்டொப்புக்கு மேல் வித்தியாசம். கமராவில் 8 செக்கன் தருகிற அதே வெளிச்சத்தில், போனுக்கு என்டி1000 போட்டாலும் கால் செக்கனும் வராது. போனுக்கு நல்ல வழி படங்களை அடுக்குவது. ட்ரைபொட்டில் வைத்து 50, 60 படம் தொடர்ச்சியாக எடுத்து, கணினியில் சராசரி எடுத்தால் தண்ணீர் படிந்துவிடும். ஃபோட்டோஷொப்பில் எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஒப்ஜெக்டாக்கி ஸ்டெக் மோடில் ‘மீன்’ தெரிவு செய்யுங்கள். ‘மீடியன்’ எடுத்தால் நுரை காணாமல் போகும்.

கச்சான்

அந்த அடுக்கும் வழி 6 ஸ்டொப் வைத்திருக்கும் தம்பிக்கும் உதவும். அரைச் செக்கன் படம் 60 சேர்ந்தால் 30 செக்கன் படத்துக்குச் சமம், இரைச்சலும் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். தண்ணீருக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. முகிலுக்கு மட்டும் கவனம்: படத்துக்கும் படத்துக்கும் இடைவெளி விழுந்தால் முகில் விளிம்பு படிக்கட்டுப் போலத் தெரியும்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலிவான 10 ஸ்டொப் பில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறிக்கும், அகச்சிவப்பை மறிக்காது. சாதாரணமாக சென்சர் முன் தகடு அதைச் சமாளிக்கும். எக்ஸ்போஷர் ஆயிரம் மடங்கு நீளும்போது கசிவும் ஆயிரம் மடங்கு. நிழல் எல்லாம் செம்மண் நிறமாக ஏறும், கறுப்புத் துணி மண்ணிறமாகும். ஐஆர்என்டி என்று குறித்த வகையை வாங்கினால் பெருமளவு தப்பலாம்.

வாங்கிய உடனே ஒரு சோதனை செய்யுங்கள், வீட்டிலேயே செய்யலாம். நிழலில் உள்ள வெள்ளைச் சுவர், வெளிச்சம் மாறாத நேரம். பில்டர் இல்லாமல் ஒன்று, பில்டருடன் கணக்கிட்ட நேரத்தில் ஒன்று; எஃப், ஐஎஸ்ஓ, வைட் பேலன்ஸ் மூன்றும் மாறக் கூடாது. இரண்டு ஹிஸ்டோகிராமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது இடப்பக்கம் தள்ளி நின்றால் பில்டர் எழுதியிருப்பதைவிட இருட்டு. ஷட்டர் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டொப்பாகக் கூட்டிக் கூட்டி எங்கே பொருந்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பில்டர் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். பத்து என்று எழுதியது பத்தரையாக இருப்பது அரிதல்ல. அரை ஸ்டொப் பிழை 4 நிமிடப் படத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம்.

பாசிக்குடா_காலை

மணலும் உப்பும் பற்றி. பாசிக்குடா ஆழமற்ற, அலை அடங்கிய குடா; அங்கே ட்ரைபொட் பிரச்சினை குறைவு. கல்லடி, திருக்கோவில் பக்கம் நேரடி அலை. அலை திரும்பும்போது காலைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரைபொட் சரியும். முதலில் மூன்று காலையும் அமர்த்தி ஒரு சாண் இறக்குங்கள், நாலைந்து அலை போகவிட்டு மட்டம் பார்த்து மறுபடி அமர்த்துங்கள். கீழ்த்துண்டை முழுதாக நீட்டி மேல்துண்டைக் குறைத்து வைத்தால் பூட்டு மூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், உப்பும் மணலும் உள்ளே போகாது. வாவிச் சேற்றுக்குக் கால் ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு வையுங்கள். வாவியில் முதலை உண்டு. இருட்டோடு போய்ப் புல்லும் கண்ணாவும் (அலையாத்தி மரம்) அடர்ந்த கரையில் தண்ணீரோரம் குந்தியிருக்க வேண்டாம்.

மாரியில் வாடைக்காற்று வீசும்போது உப்புத் தூவல் சில நிமிடத்திலேயே பில்டரில் படியும். சூரியன் நேரே இருக்கும்போது ஒவ்வொரு துளியும் ஒளிப்பொட்டாகத் தெரியும். ஷட்டர் திறக்கும் கணம் வரை துணியால் மூடி வையுங்கள். காய்ந்த உப்பை ஒருபோதும் துணியால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுபந்து, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்து, அதன் பிறகுதான் மைக்ரோபைபர் துணி. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைக் கறை விடும். கடைசிக் கழுவலுக்கு பெட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். அதே தட்டில் பெட்டரி அசிட் போத்தலும் இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேரே கரைக்கு வந்தால் பில்டரும் லென்ஸும் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள். விடியலுக்கு 40 நிமிடம் முன்பே போய்ச் சேரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்துவாரம்_விடியல்

எல்லாருக்கும் நன்றி. லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்‌ஷன் போடவா வேணாமா? மற்றது, பில்டர் இறுகினா என்ன செய்யிற?

வாவிக்காற்று

அது போட்டால் 2 நிமிடப் படத்துக்குப் பிறகு ஷட்டரை மூடி இன்னும் 2 நிமிடம் கறுப்புப் படம் ஒன்று எடுத்துக் கழிக்கும். நம் சூட்டில் சென்சரில் வெண்புள்ளிகள் கூட வரும், ஆகவே அது பயனுள்ளதுதான். ஆனால் விடியலில் அந்த 2 நிமிடத்தில் அரை ஸ்டொப்புக்கு மேல் வெளிச்சம் மாறிவிடும். விடியலில் நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் ஒரு கறுப்புப் படம் எடுத்து வந்தால் கணினியில் கழித்துவிடலாம். பகலில் நேரம் இருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கரைக்_கண்ணாடி

இறுகினால் விரலால் நெரிக்காதீர்கள். நெரிக்க நெரிக்க வளையம் நீள்வட்டமாகி இன்னும் கவ்வும். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை வளையத்தைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை முழுக்க வைத்து மெதுவாகத் திருப்புங்கள். அலுமினிய வளையம்தான் அடிக்கடி இறுகும், பித்தளை வளையம் குறைவு. இறுக்கும்போதே மரை முட்டியதும் ஒரு நூல் பின்வாங்கி விடுங்கள். ஸ்டெப் அப் வளையத்தைக் கிட் லென்ஸிலேயே நிரந்தரமாக விடலாம், 67 மி.மீ. மூடி ஒன்று வாங்கினால் இரண்டு லென்ஸுக்கும் அதுவே போதும்.